வளையம் வளர்த்த வள்ளலுக்கு ஒரு வாழ்த்துமடல்

வன்னிப் பெருநிலப்பரப்பிலே, ஏ9 வீதிக்குக் கூப்பிடு தூரத்திலே, பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு கந்தோருக்கு வலையமைப்புப் பூட்டித் தந்தருளிய ஒப்பந்தகார உத்தமரே! கேபிள் குலத் திலகமே! மூன்று சுவிட்ச்களை மூன்று நிமிடத்தில் ஆண்டு முடித்த மாமன்னரே! தங்கள் திருவடிகளுக்கு எங்கள் சனத்தின் வணக்கம்.

எங்கள் ஊரில் அதிபர் இளைப்பாறினால் வாழ்த்துமடல் வாசிக்கிறோம். கோயிலுக்கு மணி வாங்கித் தந்தவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். சனசமூக நிலையத்துக்கு நாலு கதிரை கொடுத்தவரின் பெயர் இன்னும் அந்தக் கதிரைகளின் முதுகில் அழியாமல் இருக்கிறது. தங்களுக்கோ ஒரு மாலை இல்லை, ஒரு மேடை இல்லை. காசோலையை மாத்திரம் கையில் தந்து அனுப்பிவிட்டார்கள். இந்த நன்றிகெட்ட செயலைப் பொறுக்கமாட்டாமல் இம்மடல் எழுதப்படுகிறது.

தாங்கள் கொணர்ந்தவை சந்தையில் மலிந்து கிடக்கும் சாதாரண சுவிட்ச்களா? கேள்விப்பத்திரத்தில் ‘முகாமை செய்யக்கூடியது’ என்று தெளிவாக எழுதி, அதற்குரிய விலையையும் முழுதாகப் பெற்று, பெட்டி பிரியாத புத்தம் புதியவற்றை இறக்கினீர்கள். முகாமை செய்யக்கூடியது என்று கேட்டார்கள், செய்யக்கூடியதையே கொடுத்தீர்கள். அதைச் செய்தும் தரவேண்டும் என்று கேள்விப்பத்திரத்தில் எந்த வரியும் இல்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பந்தத்தை மதித்த இந்த நேர்மையை அரிச்சந்திர மகாராசாவிடம்கூடக் கண்டதில்லை.

கந்தோருக்கு முன் கட்டடம், பின் கட்டடம், களஞ்சிய அறை என்று மூன்று இடம். மூன்றிலும் ஒவ்வொரு சுவிட்ச். ஒரு கேபிளை எலி கடித்தாலும் மற்ற வழியால் வேலை நடக்கட்டும் என்று மூன்றையும் முக்கோணமாகத் தொடுத்திருந்தார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் முக்கோணம் என்றாலே வளையம். இரணைமடுக் குளத்தில் துருசைத் திறந்தால் தண்ணீர் பெரிய வாய்க்கால், கிளை வாய்க்கால், வயல் என்று கீழ்நோக்கியே ஓடும். வயலுக்குப் போன தண்ணீர் திரும்பிக் குளத்துக்கு ஏறாது. ஈதர்நெட்டிலே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. போன தரவு மறுபக்கத்தால் திரும்பி வரும், வந்தது மறுபடி போகும்.

இந்த வளையத்தை அடக்கவென்று 1985இல் ரேடியா பேர்ள்மன் என்ற அம்மையார் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்துகொண்டு ஸ்பானிங் ட்ரீ என்ற முறையை வகுத்தார். சுவிட்ச்கள் இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும். தமக்குள் ஒன்றை வேராகத் தெரிவு செய்யும். வேருக்குக் கிட்டிய வழியை மட்டும் திறந்து, மிச்ச வழியை அடைத்து வைக்கும். திறந்த வழி அறுந்தால் அடைத்ததைத் திறந்துவிடும். வளையம் மரமாகிவிடும். அம்மையார் ஜோய்ஸ் கில்மரின் மரத்தைப் பற்றிய கவிதை ஒன்றைத் தழுவி அதற்கு ஒரு பாட்டும் எழுதி வைத்தார். 1990இல் 802.1டி என்ற எண்ணோடு அது உலகத் தரமாயிற்று. அம்மையாருக்கு மரந்தான் தெரியும். மரத்தைத் தறித்து வளையத்தை மீட்கும் வீரர் ஒருவர் வன்னிக்கு வருவார் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

தங்கள் சமத்துவ நோக்கை முதலில் பாடவேண்டும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் முன்னுரிமை எண் ஒன்று உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது 32768. எண் குறைந்தவரே வேர். ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பலமான சுவிட்சைத் தெரிந்து அதற்கு 4096 என்றும், அது விழுந்தால் பதவியேற்க அடுத்ததற்கு 8192 என்றும் எழுதிவைப்பது உலகத்துச் சிறியோர் வழக்கம். அவர்களுக்கு அது இரண்டு வரி வேலை. ஆளுக்கொரு எண் கொடுத்து உயர்வு தாழ்வு கற்பிக்கும் அந்தப் பாவத்தைத் தாங்கள் செய்யவில்லை. மூன்றையும் 32768 என்றே விட்டுவைத்தீர்கள்.

எண்கள் சமமானால், தொழிற்சாலை பதித்த மேக் முகவரி எதற்குச் சிறியதோ அது வெல்லும். ஒரே கொம்பனிப் பொருள்களில் பெரும்பாலும் முதலில் பிறந்ததன் முகவரியே சிறியது. ஆகவே களஞ்சிய அறையில், அரச சார்பற்ற நிறுவனம் ஒன்று ஊரைவிட்டுப் போகும்போது விட்டுப்போன, விசிறி நின்று தூசி மூடிய, 100 மெகாபிட் கிழட்டுச் சுவிட்ச் ஏகமனதாக அரியணை ஏறியது. அதற்கு மேலே பழைய கோப்புக் கட்டுகள். பக்கத்தில் உடைந்த கதிரை. உள்ளே பல்லி முட்டை. மூத்தோரை மதிக்கும் பண்பு அருகிவரும் இந்நாளில் தாங்கள் நிலைநாட்டிய முறைமை இது!

அந்த ஆட்சியின் நீதியையும் பாருங்கள். 100 மெகாபிட் பாதைக்குச் செலவு 19, கிகாபிட் பாதைக்கு 4 என்பது பழைய ஏட்டுக் கணக்கு. பின் கட்டடத்தார் களஞ்சிய அறைக்கு நேரே போனால் 19. புதிய ஃபைபர் இழையால் முன் கட்டடம் போய் அங்கிருந்து போனால் 23. கணக்கு 19ஐத் தெரிந்தது. நிலத்தைத் தோண்டிக் குழாய் புதைத்து, பொதுப் பணத்தில் இழுத்த ஃபைபர் அடைபட்டு நிம்மதியாக ஓய்வெடுத்தது. கந்தோரின் வேலை முழுவதும் பல்லி முட்டைக்குப் பக்கத்தால் ஊர்ந்து போனது. புதிய பொருளைப் பாவித்துத் தேய்த்துவிடாமல் காப்பாற்றிய தங்கள் சிக்கனத்தைக் கணக்காய்வாளர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

வாயிலில் காவல் வைக்காத தங்கள் விருந்தோம்பலும் சொல்லத் தக்கது. கணினி மட்டும் பூட்டும் வாயில் (போர்ட்டில்) வேறொரு சுவிட்ச் வந்து தலைநீட்டினால் அந்த வாயை அடைத்துவிட பிபிடியு கார்ட் என்று ஒன்று உண்டு. வந்த புதியவன் நானே வேர் என்று சொன்னால் தடுக்க ரூட் கார்ட் என்று ஒன்று உண்டு. வெள்ளம் பெருகினால் மட்டுப்படுத்தவும் ஒரு கட்டளை உண்டு. வந்தாரை வாழவைக்கும் வன்னியிலே இந்தப் படலைகள் எல்லாம் எதற்கு என்று தாங்கள் எதையும் சாத்தவில்லை. பெட்டிக்கடையில் வாங்கிய ஐந்து வாய்ச் சுவிட்ச் ஒன்றை மேசைக்குக் கீழே யாரும் கொண்டுவந்து பூட்டலாம். கடவுச்சொல்கூடத் தொழிற்சாலை வைத்ததே. சுவிட்சின் அடியில் ஒட்டியிருக்கிறது, கண்ணாடி போட்டால் வாசிக்கலாம்.

இவையெல்லாம் தங்கள் இளமைக்கால லீலைகள். இனிச் சொல்லப்போவதே தங்கள் திருவவதாரத்தின் நோக்கம்.

காலையில் கணினியைப் போட்டதும் நெட் வர அரை நிமிடம் பிந்துகிறது என்று முகாமைத்துவ உதவியாளர் ஒருவர் முறையிட்டார். முறையீடு உண்மையே. பழைய ஸ்பானிங் ட்ரீயில் ஒரு வாய் விழித்ததும் உடனே தரவை விடாது; பதினைந்து விநாடி கேட்டுக்கொண்டிருக்கும், பதினைந்து விநாடி படித்துக்கொண்டிருக்கும். அந்த முப்பது விநாடிக்குள் முகவரி கேட்டு அலுத்த கணினி 169.254 என்று தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டு மூலையில் குந்திவிடும். இந்தக் குறையை உலகம் அறியும். 2001இலேயே விரைவு முறை ஒன்று தரமாகிவிட்டது. கணினி பூட்டும் வாய்க்கு ‘நீ ஓரத்து வாய், காத்திருக்கத் தேவையில்லை’ என்று சொல்லும் போர்ட்ஃபாஸ்ட் கட்டளையோ அதற்கும் முந்தியது. சிறியோர் அந்த ஒரு வரியை எழுதி, ஒரு தேத்தண்ணி குடித்து, வீட்டுக்குப் போவார்கள்.

தங்கள் கருணை ஒரு வரியில் அடங்குமா? ஓர் ஊழியரின் அரை நிமிடத் துயரைக் கேட்டதும் தங்கள் திருவுள்ளம் கொதித்தது. மூன்று சுவிட்சிலும் ஸ்பானிங் ட்ரீயை அடியோடு நிறுத்தினீர்கள். நிறுத்தினால் முக்கோணம் சுற்றும் என்று உள்ளொளி ஒன்று உணர்த்த, பின் கட்டடத்தில் களஞ்சிய அறைக்குப் போகும் கேபிளைக் கழற்றினீர்கள். கழற்றியதை வெட்டவில்லை. சுருட்டிக் கட்டவில்லை. ‘பூட்ட வேண்டாம்’ என்று ஒரு துண்டுக் கடதாசி எழுதி ஒட்டவில்லை. நுனியை அப்படியே தொங்கவிட்டு, ஜீப்பில் ஏறி, கொழும்புக்குப் போனீர்கள். நெட் உடனே வந்தது. முகாமைத்துவ உதவியாளர் கைகூப்பினார்.

சில நாளில், மேசை துடைக்க வந்த ஒருவர் அந்த நுனியைக் கண்டார். பொறுப்பான மனிதர், ஏதோ கழன்று கிடக்கிறது என்று எண்ணி, வெறுமையாய் இருந்த வாயில் ‘டக்’கென்று செருகினார். அந்த ‘டக்’கிலே தங்கள் கீர்த்தி உலகமெல்லாம் ஒலித்தது.

இணையத்துப் பொதிக்கு ஆயுள் உண்டு. ரவுட்டரைத் தாண்டும்போதெல்லாம் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் செத்துவிடும். ஈதர்நெட்டுச் சட்டகத்துக்கு ஆயுள் எழுதப்படவில்லை. அதைப் பிறப்பித்தவர்கள் வளையம் இருக்காது என்று நம்பினார்கள். அந்த இடைவெளியிலே தாங்கள் புகுந்து அதற்குச் சாகாவரம் அளித்தீர்கள். ‘இந்த முகவரிக்கு உரியவர் யார்?’ என்று ஒரு கணினி எல்லாரையும் நோக்கி ஒருமுறை கேட்டது. கேள்வி முக்கோணத்தை வலமாகவும் இடமாகவும் சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் கந்தோரிலுள்ள எல்லாக் கணினியின் காதிலும் விழுந்தது. பதில் சொன்ன பிறகும் சுற்றியது. அடுத்த கணினி கேட்டது, அதுவும் சுற்றத்தில் சேர்ந்தது. பிரின்டர் கேட்டது. ஒரே கணினி இந்த வாயிலும் இருக்கிறது, அந்த வாயிலும் இருக்கிறது என்று கண்டு சுவிட்ச்கள் மயங்கின. கண்ணனின் ராசலீலையை அவை நேரிலே தரிசித்தன.

விளக்குகளின் அழகை என்னென்பது! முன்னெல்லாம் ஒன்று மினுங்கும், மற்றது தூங்கும். அன்று மூன்று சுவிட்சிலும் பூட்டிய வாய் எல்லாம் ஒரே தாளத்தில், இமைக்கவும் நேரமில்லாமல், பச்சைப் பசேலென்று எரிந்தன. வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்தைப் பார்க்க வைகாசியில் வன்னி திரண்டு போகும். தங்கள் அற்புதத்துக்குக் கடல்நீரும் வேண்டாம், திரியும் வேண்டாம், வைகாசியும் வேண்டாம்.

கவுண்டருக்கு முன்னே அப்போது ஒரு தாய் நின்றார். இரண்டு பஸ் மாறி வந்தவர். பேரனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்பத்தாட்சிப் பத்திரப் பிரதி வேண்டும். மடித்து மடித்து நைந்த ஒரு பொலித்தீன் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

“நெட் வேலை செய்யேல்லை அம்மா. நாளைக்கு ஒருக்கா வாங்கோ.”

“நாளைக்கு வந்தால் சரிவருமோ தம்பி?”

“சொல்லேலாது அம்மா.”

அவர் அட்டையைத் திரும்பப் பையில் வைத்து, பையை மடித்து, வாங்கில் போய் இருந்தார். பின்னேர பஸ்ஸுக்கு இன்னும் நாலு மணித்தியாலம் கிடந்தது. இடப்பெயர்வில் பெட்டி போய், பெட்டியோடு பத்திரம் போய், ஒவ்வொரு பிரதியாக மறுபடி எடுத்து ஆளென்று நிரூபிக்கும் சனம் இது. 2009இல் மனிக் பாம் முகாமிலே தண்ணீருக்கும் சோற்றுக்கும் வரிசையில் நின்ற சனம். முகாம் 2012இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே பழகிய பொறுமையை இவர்கள் மறந்துபோய்விடுவார்களோ என்ற கவலை யாருக்காவது இருந்ததா? தங்களுக்கு இருந்திருக்கிறது. ஒருவரின் அரை நிமிடத்தை மீட்டுக் கொடுத்து, வாங்கு நிறைந்த சனத்தின் ஒரு முழு நாளை அதற்கு ஈடாக எடுத்துக்கொண்டீர்கள். கர்ணனும் தன்னுடையதைத்தான் கொடுத்தான்.

அன்று பின்னேரம் இடி மின்னலோடு கறண்ட் போனது, யுபிஎஸ் மூச்சை விட்டது, சுவிட்ச்கள் அணைந்தன. விடிய எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. காரணம் எளியது. ஸ்பானிங் ட்ரீயை நிறுத்திய கட்டளையைத் தாங்கள் சேமிக்கவில்லை. கறண்ட் வந்ததும் சுவிட்ச்கள் தங்களை மறந்து, தொழிற்சாலை சொன்னதை நினைத்து, ஸ்பானிங் ட்ரீயைத் தாமாகவே ஓட்டி, செருகிக் கிடந்த கேபிளைக் கண்டு வளையத்தை அடைத்தன. அந்தக் கந்தோரின் வலையமைப்பை அந்த ஆண்டில் சரியாக முகாமை செய்தது மின்வெட்டு ஒன்றுதான்.

செய்தி கேட்டுத் தாங்கள் கொழும்பிலிருந்து திரும்ப எழுந்தருளினீர்கள். காலையில் நெட் மறுபடி அரை நிமிடம் பிந்துவதைக் கண்டீர்கள். கட்டளை அழிந்திருந்ததையும் கண்டீர்கள். குறை புரிந்தது. ஸ்பானிங் ட்ரீயை மறுபடி நிறுத்தினீர்கள், இம்முறை மறவாமல் சேமித்தீர்கள். இனி எந்த இடியும் மின்னலும் அந்தக் கந்தோரைக் காப்பாற்ற முடியாது. சேமித்த மாத்திரத்தில் விளக்குகள் எல்லாம் ஒருசேர எரிய, தாங்கள் ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பார்த்து, ஒன்றில் எல்லாம் அடங்கக் கண்டு, அதன் நுனியை முன்போலவே தொங்கவிட்டு, வருகைப் பதிவேட்டில் ‘மின்னல் தாக்கம், லைன் பிழை, சரிசெய்யப்பட்டது’ என்று மூன்று பொய்யையும் ஒரே வரியில் எழுதி ஒப்பமிட்டீர்கள். சொற்சிக்கனத்தில் திருவள்ளுவருக்கு அடுத்தபடி தாங்களே.

இந்தத் துறையில் தங்களுக்கு முன்னோர் அமெரிக்காவில் உண்டு. பொஸ்டன் நகரத்தில் பெத் இஸ்ரேல் டீகனெஸ் என்ற பெரிய வைத்தியசாலை. 1996இல் இரண்டு வைத்தியசாலைகள் ஒன்றாகி உருவானது. ஒன்றோடொன்று ஒட்டி ஒட்டி வளர்ந்த அதன் வலையமைப்பில் 2002 நவம்பர் 13 அன்று ஸ்பானிங் ட்ரீ நிலைகுலைந்தது. ஏழு சுவிட்ச் தூரத்துக்கு மேல் போகாதே என்று முறை சொல்லியிருக்க, அது அதையும் தாண்டி வளர்ந்திருந்தது. நான்கு நாள் போராடினார்கள். வைத்தியர்கள் கடதாசியில் மருந்தெழுதினார்கள். ஆய்வுகூட முடிவுகளை ஆட்கள் ஓடி ஓடிக் கையிலே சுமந்தார்கள். சிஸ்கோவின் பொறியியலாளர்கள் விமானத்தில் வந்து இறங்கினார்கள்.

இதுவரை தங்களோடு ஒப்பிடலாம். பிறகு அவர்கள் தரம் தாழ்ந்தார்கள். தகவல் தொழில்நுட்பத் தலைவர் ஜோன் ஹலாம்கா எங்கே பிழை, யார் கவனிக்கவில்லை, ஏன் நடந்தது என்று எல்லாவற்றையும் வெளியே சொன்னார். மற்ற வைத்தியசாலைகள் படித்துக்கொள்ளட்டும் என்றார். வலையமைப்பைப் புதிதாக வடிவமைத்தார்கள். மின்னலைக் குறை சொல்ல அவருக்குத் தோன்றவேயில்லை. பொஸ்டனிலே வானம் இல்லையா?

இன்னொன்று. அந்தக் கந்தோரிலிருந்து அறிவியல் நகர் எட்டும் தூரந்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் அங்கே கணினிப் பொறியியல் படிப்பிக்கிறது. 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அங்கேதான். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும் பிள்ளைகள் தகவல் தொழில்நுட்பம் படித்து வெளியேறுகிறார்கள். வேர் சுவிட்சுக்கு 4096 என்று எழுதவும், ஓரத்து வாய்க்குக் காவல் போடவும், எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து ராக்கின் கதவில் ஒட்டவும் தெரிந்த பிள்ளைகள் வேலை தேடிக் கொழும்புக்கு பஸ் ஏறுகிறார்கள். அதே வீதியால் தாங்கள் கொழும்பிலிருந்து ஜீப்பில் எதிரே வருகிறீர்கள். அந்தப் பிள்ளைகளின் கையில் இந்தத் தூசி படவேண்டாம் என்ற தங்கள் தாய்மனத்தைக் கேள்விச் சபையார் எப்படித்தான் அறிந்தார்களோ, ஒவ்வொரு முறையும் தங்களையே தெரிவு செய்கிறார்கள்.

1803 ஒக்டோபர் 31 அன்று வன்னி மன்னன் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டான் என்று ஆங்கிலேயர் தரப்பு கற்சிலைமடுவில் ஒரு கல்லை நாட்டியது. வன்னியை வென்றவர் பெயரைக் கல்லில் பொறிக்கும் வழக்கம் இங்கே உண்டு. களஞ்சிய அறை வாசலில் தங்கள் பெயருக்கும் ஓர் இடம் விட்டுவைத்திருக்கிறோம். கேபிள் நுனி இன்னும் தொங்குகிறது. மேசை துடைப்பவரும் கடமை தவறாதவராகவே இருக்கிறார்.

மடலை முடிக்குமுன் ஒரு விண்ணப்பம். பக்கத்தில் ஒரு வைத்தியசாலைக்கு வலையமைப்பு வேலை வருகிறதாம். வார்டு, ஆய்வுகூடம், மருந்தகம், இரத்த வங்கி என்று கட்டடம் பல. ஒவ்வொன்றுக்கும் இரட்டைக் கேபிள் இழுக்கப்போகிறார்களாம். கேள்விப்பத்திரம் எடுக்கும் கடைசித் திகதியைத் தாங்கள் தவறவிட்டுவிடக் கூடாதே என்ற ஏக்கத்தில், அந்தத் தாய் உட்பட வாங்கில் இருந்த அத்தனை பேரும் தங்களுக்கு நீடூழி வாழ்த்துச் சொல்லச் சொன்னார்கள்.